சட்டைப் பையில் பியூஸ் கட்டை

மைதீன் பாய் இறந்த செய்தி வந்தபோது நான் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் கூரையில் மாட்டிக்கொண்டிருந்தேன். விளக்கை மாட்டிக்கொண்டிருந்தேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். நானேதான் மாட்டியிருந்தேன். ஃபால்ஸ் சீலிங்கில் ஆள் ஏறுவதற்கென்று விட்டிருந்த சதுர வழியில் நெஞ்சுவரை மேலே போய்விட்டது. வயிறு வர மறுத்துவிட்டது. இதை எழுதினால் நம் எலக்ட்ரீசியன் சங்கத்துக்காரர்கள் ஆயுசுக்கும் சிரிப்பார்கள் என்று என் வீட்டுக்காரி சொன்னாள். சிரிக்கட்டும். பாய் இருந்திருந்தால் அவர்தான் முதலில் சிரித்திருப்பார்.

கைகள் இரண்டும் மேல் பாதியில் இருந்தன. போன் கீழ்ப் பாதியில், பேண்ட் பையில் இருந்தது. அது அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது. யார் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். கீழே வாட்ச்மேன் செல்லையா அண்ணாச்சி இருந்தார். அவர் சாரத்தில் ஏறி, தொங்கிக்கொண்டிருந்த என் பையில் கைவிட்டுப் போனை எடுப்பது தெரிந்தது. நான் உள்ளேயிருந்து கத்தினேன்.

"பாய்தான் கேக்காரு அண்ணாச்சி! இருக்கேன்னு சொல்லும்!"

கொஞ்சம் கழித்து அண்ணாச்சி என் முழங்காலைத் தொட்டார். தட்டவில்லை, தொட்டார்.

"தம்பி, பைய இறங்குங்க. பாயோட மவ பேசுது."

பாயின் மகள் ஜமீலா. "வாப்பா மவுத்தாயிட்டாங்க மாமா" என்று அந்தப் பிள்ளை சொன்னதை நான் கேட்கவில்லை. அண்ணாச்சி கேட்டு, கீழேயிருந்து மேலே சொன்னார். கூரைக்குள் இருட்டில், ஜிப்சம் தூசியில், பாதி ஆளாக நின்றுகொண்டு அந்தச் செய்தியைக் கேட்டேன். அதன் பிறகு என்னை எப்படிக் கீழே இழுத்தார்கள் என்பது எனக்கு ஞாபகமில்லை. சட்டை கிழிந்திருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

பாயை அறியாதவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். மேலப்பாளையத்துக்காரர். அவருடைய வாப்பா தறியில் உட்கார்ந்தவர். இவர் ஒயரைப் பிடித்தார். நானும் அவரும் சேர்ந்து வேலை பார்க்க ஆரம்பித்தபோது எனக்குத் தலை நிறைய முடி இருந்தது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். அவர் எட்டு. "உம்ம விட மூணு வகுப்பு மேல படிச்சவன் சொல்லுதேன், கேளும்" என்பார். வேலையைப் பிரித்துக்கொண்டோம். கூரைக்குள் ஏறுவது நான். கீழே மெயின் போர்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவர். உட்கார்ந்திருப்பது ஒரு வேலையா என்று கேட்பவர்கள் இந்தத் தொழிலுக்குப் புதியவர்கள்.

அது எப்படி ஒரு வேலையாயிற்று என்று சொல்ல வேண்டும். ஆரம்ப நாளில் பாளையங்கோட்டையில் ஓட்டு வீடு ஒன்று. ஓட்டுக்கும் பலகைத் தட்டுக்கும் நடுவில் நான் தவழ்ந்துகொண்டிருந்தேன். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பாய் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டு, வீட்டுக்காரர்களிடமும் சொல்லிவிட்டுத் தொழப் போனார். அந்த வீட்டில் பிறகு எழுந்து வந்த ஒருவருக்கு அது தெரியாது. அவர் மாவாட்ட வந்தார். கிரைண்டர் ஓடவில்லை. மெயினைப் பார்த்தார். நல்ல மனிதர், சுவிட்சை மேலே தள்ளிவிட்டார்.

நான் ஓட்டை உடைத்துக்கொண்டு தலையை வெளியே நீட்டிய விதத்தைப் பார்த்துத் தெருவில் போனவர்கள் கைதட்டியதாகச் சொல்வேன். அது நான் சேர்த்துக்கொண்டது. இடது கையில் இரண்டு விரலுக்கு இன்றைக்கும் சூடு தெரியாது என்பது உண்மை. டீ குடிக்கிறபோது வசதிதான்.

தொழுதுவிட்டு வந்த பாய் என்னைப் பார்த்தார். மெயின் சுவிட்சைத் திறந்து உள்ளேயிருந்த வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டையைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சுவிட்சுன்னா எவன் வேணும்னாலும் தள்ளுவான். கட்டை எங்கிட்ட இருந்தா எவன் தள்ளுவான்?" என்றார். அன்றிலிருந்து நான் கூரைக்குள் இருக்கும் நேரமெல்லாம் கட்டை அவர் பையில் இருக்கும். டீக்கடைக்குப் போனாலும் அதுவும் போகும். பள்ளிவாசலுக்கும் போகும். ஸஜ்தாவில் தலை தாழ்த்தும்போது பையிலிருந்து நழுவி விழுமாம். அதற்காகப் பையை இரட்டைத் துணி வைத்து, மேலே பட்டன் போட்டுத் தைக்கச் சொன்னார். அவருடைய வெள்ளைச் சட்டைகள் எல்லாமே அப்படித்தான். "ஊருக்கெல்லாம் கரண்டைத் தடுத்துட்டு நீரு மட்டும் பையில வச்சிட்டு அலையுதீரே வே" என்பேன். "உன் உசுரு லே அது. கனக்கத்தான் செய்யும்" என்பார்.

கட்டை பையில் இருந்தும் அவர் நிம்மதியாக உட்காரமாட்டார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை கீழேயிருந்து குரல் வரும்: "சொடல, இருக்கியா?" நான் மேலேயிருந்து "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். இதுதான் ஏற்பாடு. சும்மா இருக்க என்னால் முடியுமா? "இல்ல பாய், இப்பதான் வெளிய போனேன்" என்பேன். "சொடலையா? அவன் உவரிக்குப் போயிட்டான், நான் எலி பேசுதேன்" என்பேன். என்ன சொன்னாலும் அவருக்குச் சரி. குரல் வந்தால் போதும். ஒருநாள் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருந்து பார்த்தேன். ஏணியில் அவர் ஏறி வந்த வேகத்தையும், என்னைப் பார்த்ததும் அந்த முகம் போன போக்கையும் கண்ட பிறகு அந்த விளையாட்டை மட்டும் விட்டுவிட்டேன்.

கூரைக்குக் கீழே விளக்கு மாட்டுவதில் அவருக்கென்று ஒரு சட்டப் புத்தகமே இருந்தது. அரசாங்கம் போட்ட விதிகள்தான். ஆனால் அவர் வாயில் வரும்போது அது வேறு மாதிரி வரும். "வெளக்கு தொங்க வேண்டியது கொக்கியில. கரண்டு வர வேண்டியது ஒயர்ல. ரெண்டு வேலையையும் ஒயர் தலையில கட்டாத." "ஒயரும் ஒயரும் சேர்ற எடம் பெட்டிக்குள்ள இருக்கணும். பெட்டி கைக்கு எட்டணும்." "வெளக்குக்கும் மூச்சு விட எடம் வேணும் வே, சூடு எங்கன போவும்?" சங்கத்தில் நீங்கள் எல்லோரும் அவரை இன்ஸ்பெக்டர் என்று கூப்பிட்டீர்கள். அந்தப் பெயரை வைத்தது நான்தான்.

உவரியில் கடற்கரையோரம் மீன் ஏலம் போடும் கொட்டகை ஒன்று. தகரக் கூரை. உப்புக் காற்றில் பழைய ஒயரெல்லாம் உரிந்து கிடந்தது. விளக்குக்கு மட்டும் ஒயர் இழுத்தால் போதும் என்றார்கள். பாய் கூரைத் தகரத்துக்கும் எர்த் ஒயர் போடாமல் இறங்கமாட்டேன் என்று நின்றார். மீன் விற்கிற அந்தோணியம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"ஏன் பாய், கூரைக்கு எதுக்கு ஒயரு? கூரை என்ன பறக்கவா போவுது?"

"பறக்காதும்மா. ஒருநாள் கடிச்சிரும்."

"தகரம் கடிக்குமா? உங்க ஊருல தகரத்துக்குப் பல்லு இருக்கோ?"

"ஒயரு உரிஞ்சி தகரத்தைத் தொட்டா பல்லு மொளச்சிரும். நீங்க ஈரக் கையோட இந்தத் தூணைத்தான பிடிச்சி நிக்கிய?"

அந்தோணியம்மாள் தூணிலிருந்து கையை எடுத்தார். போகும்போது எங்கள் இருவருக்கும் ஓலைக் கொட்டானில் சாளை மீன் கொடுத்தார். பாய் தன் பங்கையும் எனக்கே தந்துவிட்டார், வீட்டில் அன்றைக்கு வேறு சமையல் என்று. நான் பஸ்ஸில் அந்த வாசனையோடு உட்கார்ந்து வந்ததும், அவர் மூன்று சீட்டு தள்ளிப்போய் என்னைத் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்ததும் தனிக் கதை.

எனக்குக் கிடைத்த பெரிய ஆயுதம் பாபநாசத்தில் கிடைத்தது. மலையடிவாரத்தில் ஒரு வீடு. வேலை முடிந்தது, நான் இறங்கினேன், வீட்டுக்காரர் இலை போட்டுச் சோறு போட்டார், பஸ் ஏறினோம். எங்கள் ஊர்ச் சந்திப்பு பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது பாய் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. பையில் பட்டன் போட்டுப் பத்திரமாக இருந்தது அந்த வீட்டின் பியூஸ் கட்டை. அங்கே அவர்கள் கரண்டு போய்விட்டது என்று நினைத்து வாசலில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்களாம். பாய் அதே பஸ்ஸில் திரும்பிப் போனார். மறுநாள் காலை நான் கேட்டேன்: "கண்டக்டர் கட்டைக்கும் அரை டிக்கெட் போட்டாரா வே?" அதற்குப் பிறகு எந்த வேலை முடிந்து இறங்கினாலும், எந்தப் பஸ்ஸில் ஏறினாலும், "பாய், டிக்கெட் ஒண்ணா ஒண்ணரையா?" என்று கேட்பேன். எத்தனை வருஷம் கேட்டேனோ. ஒரு தடவைகூட அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். அதைப் பார்ப்பதற்காகவே கேட்டேன்.

இப்போது ஸ்ரீவைகுண்டத்து மண்டபத்துக்கு வருகிறேன். அதுதான் நாங்கள் கடைசியாக ஒத்துக்கொண்ட வேலை. மண்டபத்து முதலாளி அண்ணாச்சிக்கு ஒரே ஆசை: சீலிங் முட்டை ஓடு மாதிரி, ஒரு கோடு இல்லாமல் இருக்க வேண்டும். உள்ளே ஒளித்து வைத்த விளக்குகள். பாய் கேட்டது ஒன்றே ஒன்று. ஆள் ஏற வழி.

"எதுக்கு பாய் ஓட்டை? வெளக்கு மாட்டிட்டா முடிஞ்சிதுல்லா?"

"மாட்டுனது ஒருநாள் கெடும் அண்ணாச்சி. அன்னைக்கி எங்கன ஏறிப் பாக்கது? மூடுங்க, நான் வேண்டாங்கல. தொறக்க வழி இல்லாம மூடாதீங்க."

"சரி, ஒரு சின்ன ஓட்டை வச்சிக்கிடுவோம்."

"சின்ன ஓட்டை பத்தாது." பாய் திரும்பி என் வயிற்றைக் காட்டினார். "ஏறப் போறது இவன். இவன் வயித்தை அளந்து வெட்டச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணாச்சி சின்னதாகத்தான் வெட்டச் சொன்னார். அந்த வாரத்திலேயே பாய்க்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நெஞ்சில் கோளாறு என்றார்கள். படி ஏறக்கூடாது, அலையக்கூடாது. "வேலையை நிப்பாட்டி வையி, நான் வந்திருதேன்" என்றார். தேதி வைத்த கல்யாணங்கள் நிற்குமா? நான் தனியாகப் போனேன். கட்டையைக் கழற்றி என் பையிலேயே போட்டுக்கொண்டு ஏறினேன். சீலிங் பலகையை முழுதும் மூடும்வரை அந்தச் சின்ன ஓட்டை தேவைப்படவில்லை. பாய் வீட்டில் சும்மா படுத்திருக்கவில்லை. வேலை நேரத்தில் போன் அடிக்கும். எடுத்தால் அதே குரல், கொஞ்சம் இளைத்து: "சொடல, இருக்கியா?" இருக்கேன் என்றதும் வைத்துவிடுவார். வேறு ஒரு வார்த்தை இருக்காது. அதனால்தான் அன்றைக்கு நான் மாட்டிக்கொண்டு நின்றபோது அடித்த போனும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். தலையெல்லாம் ஜிப்சம் தூசியோடு, கிழிந்த சட்டையோடு நின்றேன். யாரோ ஒரு துண்டை என் தோளில் போட்டார்கள். கபர்ஸ்தானில் எனக்கும் கொஞ்சம் வழி விட்டார்கள். மண் அள்ளிப் போட்டேன். பக்கத்தில் எல்லோரும் ஓதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஓதத் தெரியாது. எனக்கும் அவருக்கும் இடையில் இருந்த பேச்சு ஒன்றுதான். கீழே இருப்பவர் கேட்க வேண்டும், மேலே இருப்பவன் சொல்ல வேண்டும். அன்றும் அவர் கீழேதான் இருந்தார், நான் மேலேதான் நின்றேன். கேள்விதான் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து மண்டபத்து அண்ணாச்சி போன் செய்தார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும்: பாய் போய்விட்டார், இனி யார் கேட்கப் போகிறார்கள், அந்த ஓட்டையையும் மூடிவிடுவோம். நான் மூடவிடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். பாய் மாதிரி கோபமாகப் பேச எனக்கு வராது. எதைச் சொன்னாலும் கேலியாகத்தான் வரும். பஸ்ஸில் போகிற வழியெல்லாம் வாழைத்தோட்டங்களைப் பார்த்து முகத்தைக் கடுப்பாக வைத்துப் பழகினேன். அண்ணாச்சி வாசலிலேயே நின்றார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏ சொடல, பாய் சொன்ன அளவுக்கே வெட்டியாச்சி. உள்ள வந்து பாரு. சரியா இருக்கான்னு ஏறிப் பாரு."

வாட்ச்மேன் அண்ணாச்சி என் கால்கள் தொங்கியதை அவரிடம் நடித்தே காட்டியிருக்கிறார். ஒரு முகூர்த்தத்தில் பொண்ணு மாப்பிள்ளை தலைக்கு மேலே அப்படி இரண்டு கால் தொங்கினால் என்னாகும் என்று முதலாளி யோசித்தாராம். பழகிவந்த கோபமெல்லாம் வீணாகிவிட்டது. ஏறினேன். வழுக்கிக்கொண்டு போவது போல உள்ளே போய்விட்டேன்.

உள்ளே நல்ல இடம் இருந்தது. பெட்டிகள் எல்லாம் கைக்கு எட்டின. ஒவ்வொரு விளக்கும் தன் கொக்கியில் தொங்கியது. அவர் கேட்டபடி எல்லாம் இருந்தது. இணைப்புகளைக் கொடுத்துக்கொண்டே போனேன். கீழே யாரோ நாற்காலி நகர்த்தினார்கள். எங்கேயோ மைக் சோதித்தார்கள். நேரம் போனது. ஒருவரும் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிட வேண்டும்? கட்டை என் பையில் இருக்கிறது. எந்த ஆபத்தும் இல்லை. ஆனாலும் கை ஓடவில்லை. கூரைக்குள் ஒரு ஆள் இருக்கிறான் என்று உலகத்தில் ஒருவருக்கும் கவலை இல்லாதபோது அங்கே எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கடைசியில் நானே வாய்விட்டு, கொஞ்சம் சத்தமாக, "இருக்கேன்" என்றேன். பிறகு வேலையைப் பார்த்தேன்.

துணைக்கு ஆள் தருகிறோம் என்று சங்கத்தில் சொன்னீர்கள். தாருங்கள். வேலை அதிகம் தெரிந்தவர் வேண்டாம். கேலி செய்தால் தாங்குகிறவராக இருக்கட்டும். கட்டையைப் பையில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்து, இடையிடையே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். செல்போன் பார்க்காமல் அப்படி உட்காரக்கூடிய ஒருவர் நம்மில் இருந்தால் கையைத் தூக்குங்கள்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு மேலப்பாளையம் போனேன். சட்டம் பேசிய மனிதரின் வீட்டு வாசலில், தகரத்துக்குக் கீழே, விளக்கு அதன் ஒயரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கொக்கி போட வேண்டும், போட வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்திருந்தால் இதை வைத்தே இன்னொரு பத்து வருஷம் ஓட்டியிருப்பேன். பையில் கொக்கி வாங்கிக்கொண்டுதான் போயிருந்தேன். பட்டப்பகல், விருந்துக்கு இன்னும் நேரமிருந்தது. கட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன்.

பாயின் மனைவி பாத்திமா மைனி உள்ளேயிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மெயின் போர்டுக்குக் கீழே போட்டு உட்கார்ந்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. நான் கொக்கியை முடுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணுக்கு முன்னால்தான் நிற்கிறேன், ஸ்டூல் உயரம்தான். கொஞ்ச நேரம் கழித்து மைனி கேட்டார்:

"தம்பி, இருக்கியளா?"

எந்தக் கேலியும் வாயில் வரவில்லை. "இருக்கேன் மைனி" என்றேன்.

பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். கருவிகளை அவர் மருமகனிடம் கொடுத்துவிட்டார்கள், அது முறை. இரட்டைத் துணிப் பை வைத்த சட்டை ஒன்றை மைனி எனக்குத் தந்தார். பாய் ஒல்லி, எனக்குப் பட்டன் சேராது. திறந்து போட்டுக்கொள்கிறேன். எந்த வீட்டுக் கூரைக்குள் யார் ஏறினாலும் இப்போது நான் கீழே நின்று ஒரு தடவை கூப்பிட்டுவிடுகிறேன். அறிமுகமில்லாத பெயிண்டர்கள்கூட "இருக்கேன்" என்கிறார்கள். எவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அன்று கொக்கி போட்டு முடித்ததும் ஃபாத்திஹா ஓதினார்கள். நெய்ச்சோறு போட்டார்கள். கரண்டு இல்லை, எல்லோரும் ஓலை விசிறியாலும் அட்டையாலும் வீசிக்கொண்டே சாப்பிட்டார்கள். நானும் வீசிக்கொண்டே சாப்பிட்டேன். மைனியிடம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஜமீலா போன் செய்தாள்.

"மாமா, தெருவுல எல்லா வீட்டுலயும் கரண்டு இருக்கு. எங்க வீட்டுல மட்டும் இல்ல."

பையைத் தொட்டுப் பார்த்தேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனேன். டிக்கெட் ஒன்றுதான் எடுத்தேன்.